தத்துவ வகுப்பை வல்லத்தில் தொடங்குங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குத் தத்துவம் எடுக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். புதிதாக இந்தப் பாடத்துக்கு வரும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தாலீஸில் ஆரம்பித்து காண்ட் வரை பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். பிள்ளைகள் வாதாடக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுங்கள். பெயர் அப்புறம் வரட்டும்.

முதல் வகுப்புக்கு வல்லம் போதும், அதாவது இந்தக் கடற்கரையின் மரப் படகு. கரையேற்றிப் பழுது பார்க்கும் வல்லத்தைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் அபூர்வம். இந்த வருஷம் அடிப்பலகை இரண்டு மாற்றுவார்கள், அடுத்த வருஷம் முன்புறமான அணியத்துப் பக்கம், அப்புறம் அடிமரமான ஏரா. இப்படியே போனால் ஒரு நாள் பழைய மரம் துண்டுகூட மிஞ்சாது. இது அதே வல்லம்தானா? கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.

"அதேதான் சார், பதிவு எண் மாறலையே" என்று ஒரு குரல் வரும். அந்த எண்ணை வேறொரு வல்லத்தில் எழுதினால் அது இதுவாகிவிடுமா என்று கேளுங்கள். "தாத்தா காலத்துலேருந்து எங்க குடும்பத்து வல்லம்" என்பார் இன்னொருவர். விற்றுவிட்டால்? "வடிவம் மாறலை" என்றால், அதே அளவில் பக்கத்தில் கட்டிய வல்லத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு பதிலையும் பலகையில் எழுதி, அதை இடறவைத்த கேள்வியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பாதி வகுப்பு இதற்கே போகும். போகட்டும்.

வாதம் சூடேறியதும் அடுத்த கேள்வி: கழற்றிப்போட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு வல்லம் கட்டிவிட்டால், எது உண்மையான வல்லம்? இப்போது சொல்லுங்கள், பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த, பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலை. பழைய பலகைகளைச் சேர்த்துக் கட்டும் சிக்கலைக் கிளப்பியவர் 17ஆம் நூற்றாண்டின் தாமஸ் ஹாப்ஸ். தாங்கள் கத்திக்கொண்டிருந்த கேள்வியில் இவர்களும் மாட்டியிருந்தார்கள் என்று தெரியும்போது அந்தப் பெயர்கள் மறக்காது. வீட்டுக்கு ஒரு கேள்வி கொடுத்தனுப்புங்கள்: ஐந்து வயது நீயும் இன்றைய நீயும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ஆதாரம்? நினைவைக் காரணம் காட்டிய ஜான் லாக்கை மறுநாள் கொண்டுவரலாம்.

அடுத்தது அறிவு பற்றிய கேள்வி. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். கடல் கெடப்போகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? அலையைக் கண்ணால் பார்ப்பது ஒன்று. மேகத்தையும் காற்றையும் வைத்து ஊகிப்பது வேறு. கூண்டை நம்புவது, அதாவது அறிந்தவர் சொல்லை ஏற்பது, இன்னொன்று. காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் பிரிக்கும் அளவைகள், அதாவது அறியும் வழிகள், இவை. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிக வாதி பத்து அளவைகளைச் சொல்கிறார். இதைச் சொல்லாமல் விடாதீர்கள். தத்துவம் கிரேக்கத்திலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது, அது எனக்கு வருத்தம்.

பிறகு ஒரு சிக்கல். கரையில் நிற்கும் அம்மா தூரத்து விளக்கைப் பார்த்து "அப்பா வந்துட்டாரு" என்கிறார். அது வேறு யாருடைய படகோ. ஆனால் அப்பா சற்று முன்புதான் பக்கத்துத் துறையில் இறங்கியிருக்கிறார். அம்மா நம்பியது உண்மை, நம்பியதற்குக் காரணமும் இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லலாமா? 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் கிளப்பிய சிக்கல் இந்த வகைதான். உடனே விடை சொல்லிவிடாதீர்கள்.

நீதிக்கு விசைப்படகு, நாட்டுப்படகு தகராறு. இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், ஆகையால் ஒவ்வொருவரையும் எதிர்த்தரப்புக்காக வாதாட வையுங்கள். எந்த வீட்டில் பிறப்போம் என்று தெரியாமல் கடலுக்குப் போகும் நாள்களைப் பங்கிடச் சொன்னால் எப்படிப் பங்கிடுவாய்? ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த யோசனையின் சாரம் இதில் வந்துவிடும்.

கடவுள் கேள்வியை மட்டும் பருவத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது, பயணிகளோடு ரயிலும் போனது. நல்ல கடவுள் இருந்தால் இது ஏன் என்ற கேள்வி இங்கே சும்மா எழுவதில்லை. அந்தக் கடலில் உறவைக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். 1755 லிஸ்பன் நிலநடுக்கத்துக்குப் பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர், இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்ற, லைப்னிட்ஸ் வழி வந்த நம்பிக்கையை எதிர்த்துக் கேட்டதிலிருந்து தொடங்கி, தனுஷ்கோடியைப் பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள். யாரும் தன் நம்பிக்கையைச் சொல்லவேண்டியதில்லை, வாதத்தை மட்டும் எடைபோடலாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். அன்றைக்கு அடுத்த பாடவேளையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணியடித்ததும் பாதியில் எழுந்துபோகிற பேச்சு இல்லை இது.