பழைய பின்னலாடையின் வடிவத்தை மீட்க உட்புறத்தைப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில், கன்னிஸ்டர் என்னும் இடத்துக்கு அருகே 1951-ஆம் ஆண்டு சதுப்பு நிலத்தைத் தோண்டியபோது, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஒருவரின் கம்பளி உடைகள் கிடைத்தன. அவற்றுடன் இருந்த சாம்பல் நிறப் பின்னல் பையில் சிவப்பு, வெள்ளை நூல்களாலான வடிவப் பட்டைகள் உள்ளன.

இத்தகைய பழம்பொருளையோ பாட்டியின் கையுறையையோ பார்த்து மீண்டும் பின்ன விரும்புவோர், முடிந்தால் அதன் உட்புறத்தைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். வெளிப்புறம் நிறம் மங்கி, கண்ணிகள் (பின்னலின் ஒவ்வொரு நூல் வளையமும்) ஒட்டிப்போயிருந்தாலும், பின்னால் குறுக்கே ஓடும் நூல்கள் எந்த நிறம் எத்தனை கண்ணிகளைத் தாண்டிச் சென்றது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும். ஒரு கண்ணி மட்டும் நிறம் மாறித் தோன்றினால், அடுத்தடுத்து வரும் இரண்டு மூன்று வடிவங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பின்னியவரின் பிழையாகவே இருந்தாலும், திருத்தாமல் தனியே குறித்து வைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என வடிவத்தைக் குறித்துக்கொள்ளும் வரைபடத்துக்குச் சதுரக் கட்டத்தாள் ஏற்றதன்று. சாதாரணப் பின்னலில் கண்ணியின் அகலம் உயரத்தைவிட அதிகம் என்பதால், சதுரத்தில் வரைந்த வடிவம் பின்னும்போது குட்டையாகிவிடும். 10 செ.மீ. அகலத்தில் 28 கண்ணிகளும் 10 செ.மீ. உயரத்தில் 36 வரிசைகளும் இருந்தால், கட்டத்தின் அகலமும் உயரமும் 9:7 என்ற விகிதத்தில் அமைய வேண்டும்.

மூலப்பொருள் வட்டமாக, அதாவது குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னப்பட்டதெனில், கண்ணிகளையும் வரிசைகளையும் எண்ணுவதற்கான மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னி, நனைத்து உலர்த்திய பிறகே அளவெடுங்கள்.