கேஸ் மேலே போகாது, தரையில்தான் தேங்கும்

ராத்திரி கேஸ் வாடை அடித்தால் பலரும் முதலில் லைட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன். இரண்டுமே கூடாது. தேங்கிய கேஸ் பற்றிக்கொள்ள சுவிட்சுக்குள் தெறிக்கிற சின்னப் பொறி போதும். எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். அணைக்கும்போதும் பொறி வரும்.

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். புகை மாதிரி மேலே போகாமல், தண்ணீர் மாதிரி தரையோடு பரவி மேடைக்கு அடியிலும் கட்டிலுக்குக் கீழேயும் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். அதனால் மேலே இருக்கிற வென்டிலேட்டரை நம்பிப் பயனில்லை, கதவைத்தான் விரியத் திறக்க வேண்டும். சிலிண்டரைக் காற்றுப் புகாத அலமாரிக்குள் பூட்டி வைப்பதும் இதனால்தான் தவறு. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் கசிவது வெளியே தெரியாது.

வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணையுங்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். இந்த எண் 24 மணி நேரமும் வேலை செய்யும். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். வாடை குறைந்த மாதிரி இருக்கிறது என்று உள்ளே போகாதீர்கள். கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிவு தெரியவே மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு அது பழகிவிடும்.

தீக்குச்சி கிழித்துக் கசிவைச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், கசிகிற இடத்தில் குமிழி வரும்.

கடைகளில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம். பெரிய பர்னர் வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி படியும், தீ குறையும். உடனே சிலிண்டர் மேல் கொதிநீர் ஊற்றுகிறார்கள், இல்லையென்றால் படுக்க வைத்து உருட்டுகிறார்கள். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாக விரியும். அடுப்பில் அது எப்படிச் சீறும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர் தாங்கவில்லையென்றால், இரண்டு மூன்றைச் சேர்த்து முறையாகக் குழாய் போட்டுத் தரச் சொல்லி ஏஜென்சியிடம் கேட்க வேண்டும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம். கடைக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. பெரியதிலிருந்து குட்டி சிலிண்டருக்கு கேஸ் மாற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

ரப்பர் டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்போ எலிக்கடியோ தெரிந்தால் அன்றைக்கே. அழுக்காகும் என்று அதன் மேல் துணி சுற்றாதீர்கள், வெடிப்பு கண்ணில் படாது.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்து ஒன்றும் வருஷமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பி-28 என்றிருந்தால் 2028 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதித்தாக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.