ஒகடாயிக் அமிலத்தை நம்பித் தொலைத்த ஏழு மாதம்

"பிபி2ஏ-வை அடைத்தேன் அண்ணா, உட்கரு உறை கரைஞ்சிடுச்சு!" என்று புதிதாகச் சேர்ந்த மாணவி போன வாரம் படத்தோடு வந்து நின்றார். வார்த்தை மாறாமல் நானும் ஒருகாலத்தில் சொன்னதுதான். பிபி2ஏ, பிபி1 இரண்டும் புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள், அதாவது பாஸ்பட்டேஸ்கள்; ஒகடாயிக் அமிலம் அவற்றை முடக்கும் மருந்து. உறை கரைந்தால் முட்டை, பாதியில் நிறுத்திய மியாசிஸை (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல்பிரிவை) மீண்டும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுண்டெலி முட்டையில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்தான் கீழே. பிப்பெட் முனை மாற்ற மறப்பது மாதிரியான தவறுகள் தானாகவே சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாஸ்பட்டேஸ் என்றாலே பிரேக்

இல்லை. சிடிசி25பி-யும் பாஸ்பட்டேஸ்தான், ஆனால் அது செல்பிரிவை முடுக்கிவிடுவது. அது இல்லாத சுண்டெலியின் கருமுட்டை மியாசிஸை மீண்டும் தொடங்கவே மாட்டாமல் நின்றுவிடும்.

மருந்தின் பெயரை நொதியின் பெயராக எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சோதனைக்குழாயில் ஒகடாயிக் அமிலம் 1 நானோமோலாரிலேயே பிபி2ஏ-வை முடக்கும். பிபி1-க்குப் பல மடங்கு வேண்டும். அட்டவணையில் இதைப் படித்துவிட்டுக் குறைந்த அளவைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. செல்லுக்குள் பிபி2ஏ மூலக்கூறுகளே அதைவிடப் பன்மடங்கு செறிவாக இருக்கின்றன. நான் போட்ட மருந்து எந்த மூலைக்கு? சரி என்று 1 மைக்ரோமோலாருக்கு ஏற்றினேன். முட்டையை நிறுத்திவைக்கும் மருந்தான ஐபிஎம்எக்ஸ் இருந்தும் உறை கரைந்தது. ஆய்வேட்டில் 'பிபி2ஏ' என்றே எழுதினேன். "பிபி1 என்ன ஆச்சு?" என்று தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். ஏழு மாத வேலை.

பிபி1-ஐ ஒதுக்கினாலும் சிக்கல் தீராது. பிபி2ஏ தனி ஆள் இல்லை. பி55 துணை அலகோடு சேர்ந்தால் செல்பிரிவுக்குள் நுழைவதைத் தடுக்கும். பி56 என்ற இன்னொரு துணை அலகோடு சேர்ந்து ஷுகோஷின் என்ற காவல் புரதத்தின் பக்கம் போனால், முதல் மியாசிஸில் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு) அருகே, குரோமோசோமின் இரு இழைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ரெக்8 புரதம் வெட்டுப்படாமல் காக்கும். இரண்டுக்கும் வினையூக்கி அலகு ஒன்றே, மருந்து பிடிப்பதும் அதையே. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எந்த அறை விளக்கு அணைந்தது என்று ஆராய்வதா? பி55-ஐ மட்டும் அடைக்க கிரேட்வால் கைனேஸ் என்ற நொதி பாஸ்பேட் ஏற்றிய என்சா என்ற புரதம் இருக்கிறது. பி56-க்கு, அது இலக்கைப் பிடிக்கும் குழியில் போய் உட்காரும் பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு). முட்டைக்குள் ஊசி போடும் வேலைதான், கை நடுங்கும், பரவாயில்லை.

மினரல் ஆயிலுக்கு அடியில் மருந்து

முட்டை இருக்கும் ஊடகச் சொட்டை எண்ணெயால் மூடி வைப்போம். கொழுப்பில் கரையும் மருந்து சொட்டிலிருந்து எண்ணெய்க்கு ஏறிவிடும். நீங்கள் குறித்த செறிவு நோட்டில் மட்டும் இருக்கும். ஒருமுறையாவது எண்ணெய் இல்லாமல் செய்து பாருங்கள்.

வனடேட் மட்டும் போடுவது

செல்லை உடைத்தெடுத்த சாற்றில் பாஸ்பேட் கழன்றுவிடாமல் இருக்கப் போடுவது இது. ஆனால் டைரோசினில் உள்ள பாஸ்பேட்டைத்தான் காக்கும். செரினுக்கும் திரியோனினுக்கும் சோடியம் ஃபுளோரைடு வேண்டும்.

மில்ரினோன் இல்லாத ஊடகத்தில் சேகரிப்பது

மில்ரினோனும் ஐபிஎம்எக்ஸ் மாதிரி முட்டையை நிறுத்திவைப்பதுதான். அது இல்லாவிட்டால், சினைப்பை நுண்ணறையை விட்டு வெளியே வந்த முட்டை யாருக்காகவும் காத்திருக்காது.