காய்ச்சிய தண்ணீர் மறுபடி கெடும் இடங்கள்

காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, சீதபேதி என்று தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் நோய்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பல வீடுகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம்." அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் அந்த வீட்டுக் குழந்தைக்குப் பேதி வந்து நிற்கிறது. தேடிப் பார்த்தால் தவறு அடுப்பில் இருக்காது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, வாய்க்குப் போவதற்கு முன் இருக்கும். சுத்தமான தண்ணீர் மறுபடி எங்கே அழுக்காகிறது, வெந்த சோறு எப்போது கெட ஆரம்பிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நோய்களில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அடுப்பிலிருந்து டம்ளர் வரை

பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழிகள் வந்ததும் இறக்கிவிட்டால் அது வெந்நீர்தான், காய்ச்சிய நீர் இல்லை. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். ஊட்டி போல 2000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே 3 நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் 20 நிமிடம், அரை மணி என்று வைப்பது கேஸுக்குத்தான் செலவு. அவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று நினைத்தே பலர் காய்ச்சுவதை விட்டுவிடுகிறார்கள்.

இறக்கியதும் சீக்கிரம் ஆறட்டும் என்று குடத்துக்கு மாற்றுவார்கள். அந்தக் குடத்தை எதில் அலசினோம்? குழாய்த் தண்ணீரில். உள்சுவரில் ஒட்டிய ஈரமும், அடியில் தங்கிய ஒரு மடக்குப் பச்சைத் தண்ணீரும், செய்த வேலையைக் கெடுக்கப் போதும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், குடத்தைக் கொதிநீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிய பிறகு மாற்றுங்கள்.

அடுத்தது மொள்ளுகிற கை. குடத்தில் டம்ளரை விடும்போது விரல்களைக் கவனியுங்கள். விளிம்பை மேலிருந்து பிடித்திருக்கும் நாலு விரலும், டம்ளர் முங்கும்போது முதல் கணு வரை தண்ணீருக்குள் போய் வரும். தண்ணீர் குறையக் குறைய மணிக்கட்டு வரை இறங்கும். சற்று முன் அதே கைதான் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டிருக்கும், அல்லது கோழிக்கறியை நறுக்கியிருக்கும். அடியில் குழாய் வைத்த பாத்திரம் வாங்குவது நல்லது. இல்லையென்றால் நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றைக் குடிநீருக்கென்றே ஒதுக்கி, ஆணியில் மாட்டி வையுங்கள். கரண்டியைக் குடத்தின் மூடி மேலேயே கவிழ்த்து வைத்தால், தூசியும் ஈயும் உட்கார்ந்த மூடியிலிருந்து அழுக்கை அதுவே உள்ளே கொண்டுபோகும்.

காய்ச்சிய தண்ணீர் ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது? காவல் இல்லாததால்தான். நகராட்சி குளோரின் கலந்து அனுப்பும் நீரில் கொஞ்சம் குளோரின் மிச்சம் நின்று, வழியில் சேரும் கிருமிகளைக் கொல்லும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர அளவு. கொதிக்கவைத்தால் அது ஆவியாகிப் போய்விடும். ஆர்.ஓ. இயந்திரத்திலும் இதே கதைதான்: கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால், வடிந்த நீர் அதன் தொட்டியில் காவலில்லாமல் கிடக்கிறது. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தவர்கள் தொட்டியில் நின்ற தண்ணீரை முழுதும் திறந்துவிட்டு, புதிதாகப் பிடித்துக் குடிக்க வேண்டும். காய்ச்சிய நீரையும் ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் கேனின் கழுத்தைத் துடைக்காமல் டிஸ்பென்சரில் கவிழ்த்துவிடுகிறார்கள். வண்டியில் உருண்டு, பல கைகள் பிடித்து வந்த கழுத்து அது. கவிழ்த்ததும் நேராகத் தண்ணீருக்குள் இருக்கும். சீல் பிரிக்கும் முன் சோப்புத் துணியால் துடைத்து, சுத்தத் துணியால் மறுபடி துடைக்க அரை நிமிடம்கூட ஆகாது.

குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவே

நம் ஊர்களில் பலவற்றில் குழாயில் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. வராத நேரத்தில் குழாய் காலியாக, அழுத்தமில்லாமல் கிடக்கும். அப்போது விரிசல் வழியாக வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே கசியும். பொதுக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை இன்னும் மோசமாக்குகிறது. மோட்டார் தண்ணீரை மட்டும் இழுக்காது. குழாயைச் சுற்றியுள்ள கழிவுநீரையும் ஓட்டைகள் வழியே சேர்த்து இழுக்கும். அது அண்டை வீட்டுக் குழந்தையின் குடத்துக்கும் போகிறது. சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு தெருவையே நோயில் தள்ளும் வேலை இது. தண்ணீர் விட்டதும் முதலில் வரும் கலங்கலை வெளியே போகவிட்டு, தெளிந்த பிறகு பிடியுங்கள்.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைப்பது இன்னொரு பழைய தவறு. படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலை அடியில் படிய வைக்கும்; கிருமியைக் கொன்று முடிக்காது. தெளிய வைப்பது முதல் படி, அதன் பிறகு காய்ச்சவோ குளோரின் போடவோ வேண்டும். கலங்கல் நீரில் நேராகக் குளோரின் போட்டால், அந்த மண்ணும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் விதத்திலும் தப்பு நடக்கிறது. பொட்டலத்தைப் பிரித்து மேலிருந்து தூவிவிட்டுப் போவது கிணற்றுக்குச் சரியான பயன் தராது. முதலில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பார்க்க வேண்டும். குறுக்களவு 3 மீட்டர், தண்ணீரின் ஆழம் 2 மீட்டர் என்றால், 3.14 × 3 × 3 × 2 ÷ 4, அதாவது 14 கன மீட்டர், சுமார் 14,000 லிட்டர். 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் வீதம் 35 கிராம் வேண்டும். அதை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல்நீரை மட்டும் வேறு வாளிக்கு இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். சுண்ணாம்புக் கசடைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. அதன் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். இரவில் போட்டு காலையில் இறைப்பது வசதி. புதுப் பவுடரில் குளோரின் 33 சதவீதம் வரை இருக்கும். வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்காகக் கிடந்த பவுடரிலோ வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும்.

குளோரின் வாசனை வந்தாலே எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. 1955 கடைசியில், யமுனையில் வெள்ளம் வடிந்த பிறகு, டெல்லியின் வசீராபாத் நீரேற்று நிலையில் நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர் கலந்தது. குளோரினைக் கூட்டினார்கள், டைபாய்டும் பேதியும் கூடவில்லை. ஆனால் சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாக்டீரியாவை அடக்கிய குளோரின், இன்று ஹெபடைடிஸ்-இ என்று நாம் அறியும் வைரஸை அடக்கவில்லை. எனவே வெள்ளம் வடியும் நாட்களில், சாக்கடை கலந்த சந்தேகம் உள்ள தெருவில், குளோரின் போட்ட நீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இந்த வைரஸ் தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 தாய்மார் வரை இறக்கும் அபாயம் உண்டு.

சோறும் சாம்பாரும்

"மறுபடி நல்லா சூடு பண்ணிட்டா போதும்" என்ற நம்பிக்கைதான் சமையலறையில் பெரிய ஆபத்து. அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள் சோறு வெந்தாலும் சாகாது. சோறு வெளியே வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. மதியம் வடித்த சோற்றை இரவு வரை மேடையில் வைத்து, எலுமிச்சை சாதமாகக் கிளறினால் கிருமி செத்திருக்கும், நச்சு அப்படியே இருக்கும். கையில் புண்ணோ கொப்புளமோ உள்ளவர் தொட்ட இனிப்பு, கறி, தேங்காய்ச் சட்னியில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகினாலும் இதே நிலைமைதான். பழைய சோற்றுக்குக்கூட, ஆவி அடங்கியதும் நல்ல தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். நாளெல்லாம் வெறுமனே கிடந்த மிச்சத்தில் இரவு தண்ணீர் ஊற்றக் கூடாது.

சமைத்தது 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், அல்லது 60 டிகிரிக்கு மேலே இருக்கட்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். "சூடாக ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது" என்று முழுக்க ஆறும் வரை காத்திருப்பதில்தான் அந்த இரண்டு மணி போய்விடுகிறது. பெரிய குண்டானோடு சாம்பாரை உள்ளே தள்ளினாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரண்டு அங்குல உயரத்துக்கு மிகாமல் அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள். கல்யாணம், அன்னதானம் போன்ற இடங்களில் முந்தின இரவே பெரிய அண்டாவில் குருமா செய்து மூடி வைப்பதும் இந்தக் காரணத்தால்தான் ஆபத்து.

கோழியைக் குழாயடியில் வேகமாக அலசும்போது தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் தட்டு, தக்காளி மேலெல்லாம் கிருமியைத் தெளிக்கும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் நீர் எடுத்து மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்பால் கழுவுங்கள். கத்தி, பலகையைக் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள். கறி வேகும், தயிர்ப் பச்சடி வேகாது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸிலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் அபாயம் உண்டு. அதனால்தான் 2025 ஏப்ரலில் தமிழக அரசு அதை ஓராண்டுக்குத் தடை செய்தது.

உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தவறு. மீன் பெட்டிக்காகச் சாதாரணத் தண்ணீரில் உறைந்த ஐஸ் கரும்புச் சாற்றில் விழுந்தால், அந்தத் தண்ணீரைப் பச்சையாகக் குடித்ததற்குச் சமம்.

கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவதும் வழக்கம். ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சு என்றால் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் வாந்தி வரும். சால்மோனெல்லாவுக்கு 6 முதல் 72 மணி, டைபாய்டுக்கு ஒன்றிரண்டு வாரம், ஹெபடைடிஸ்-ஏ மஞ்சள் காமாலைக்குச் சுமார் நாலு வாரம், ஹெபடைடிஸ்-இ என்றால் ஐந்தாறு வாரம். ஜனவரியில் தெருவில் காமாலை கண்டால், குற்றம் டிசம்பரில் குடித்த தண்ணீரில் இருக்கலாம்.

பேதி கண்ட பிறகு

பேதியில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த ஓ.ஆர்.எஸ். இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைத் தப்பாகக் கலக்குவதுதான் வருத்தம்.

லிட்டருக்கான 20.5 கிராம் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் தட்டிக் கலக்கக் கூடாது. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பலனில்லை. முழுப் பாக்கெட்டையும் அளந்த ஒரு லிட்டர் ஆறின நீரில் கரையுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, பின்னால் அச்சிட்ட அளவைப் படியுங்கள். கரைத்ததைச் சூடாக்க வேண்டாம், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பழச்சுவை சேர்த்து அட்டைப் பெட்டியில் வரும் பானங்களில் பலவற்றில் சர்க்கரை அதிகம்; அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு பேதிக்கும் பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பெரிய குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்துவிட்டால் நிறுத்தாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுங்கள். மடமடவென்று குடிக்கவிட்டால்தான் திரும்ப வரும். "வயிறு காயட்டும்" என்று தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்துவது குழந்தையை மேலும் வாட்டும். இட்லி, குழைந்த சோறு, உப்புக் கஞ்சி எல்லாம் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு துத்தநாக (ஜிங்க்) மாத்திரை தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் வரை. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடல் அசைவு நின்று அழுக்கு உள்ளேயே தங்கும். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிந்த கண், கிள்ளிய தோல் மெல்லத் திரும்புதல், குடிக்க முடியாத அளவு மயக்கம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டைபாய்டில் காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தினால் அது திரும்ப வரலாம். குணமான சிலரின் பித்தப்பையில் கிருமி தங்கி, மாதக்கணக்கில் மலத்தில் வெளியேறும். அவர் ஹோட்டலிலோ சத்துணவுக் கூடத்திலோ சமைப்பவர் என்றால், மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே அடுப்படிக்குத் திரும்ப வேண்டும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் பேதியோ காமாலையோ கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 சுகாதார உதவி எண்ணுக்கோ அன்றே சொல்லுங்கள். குழாய் உடைந்த இடம் தோண்டிக் கண்டுபிடிக்கப்படும் வரை அந்தத் தெருவுக்கு லாரியில் வரும் தண்ணீரையும் காய்ச்சியே குடியுங்கள்.