தான்சானியாவுக்குப் புறப்படும் இளம் குருக்களே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன மாதம் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இளம் கத்தோலிக்கக் குருக்கள் இங்கே எங்கள் பங்குக்கு வந்து சேர்ந்தார்கள். பத்தாவது நாளே ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் சமுதாயக்கூடத்துக்கு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டார். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு நான் இருந்த அதே கோலம். கொசுவலை, மலேரியா, கொதிக்கவைத்த தண்ணீர் பற்றியெல்லாம் சபையிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிகாரத்தை நம்புவது

இங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. காலை 7 மணிக்கு ‘சா மோஜா’, அதாவது ஒன்றாம் மணி. ஓர் அடக்கச் சடங்கு ‘சா நானே’ என்றார்கள். நானே என்றால் எட்டு. காலை 8 மணிக்கே அங்கியோடு போய் நின்றேன். குழி வெட்டுபவர்கள்கூட வந்திருக்கவில்லை. அவர்கள் சொன்னது பிற்பகல் 2 மணி.

வந்ததும் விஷயத்துக்குப் போவது

வீட்டு நலம், பிள்ளைகள் நலம், வயல் நலம் எல்லாம் விசாரித்த பிறகுதான் பேச்சு. பெரியவர்களுக்கு ‘ஷிகமோ’ சொல்ல வேண்டும். சிறியவர்கள் உங்களுக்கு அதைச் சொன்னால் பதில் ‘மரஹபா’. நான் ஆறு வயதுப் பையனுக்குத் திரும்ப ‘ஷிகமோ’ சொல்லி, ஒரு பள்ளிக்கூடத்தையே சிரிக்க வைத்தேன்.

கேட்காமல் கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

எங்கள் கிளைக் கிராமம் ஒன்றில் கோடைக்காலத்தில் பெண்கள் வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். நம் தென்மாவட்டங்களில் பார்த்த அதே காட்சி. மனம் தாங்காமல் சொந்த ஊர்ப் பங்குக்கு எழுதினேன், பணம் வந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டு இந்தியா மார்க் 2 கைப்பம்பைப் பொருத்தினேன். 1970களில் இந்தியாவில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்க்கப்பட்ட பம்பு. நம் ஊர்ச் சரக்கு என்ற பெருமை வேறு.

பதினான்கு மாதங்களில் தண்ணீர் நின்றது. அடியிலிருக்கும் உருளையில் ஒரு வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மார்க் 2 பம்பில் அந்த வாஷரைத் தொட வேண்டுமென்றால் இரும்புக் குழாய் முழுவதையும் துண்டு துண்டாக மேலே இழுக்க வேண்டும். அதற்கு முக்காலியும் தனிக் கருவிகளும் பழகிய ஆட்களும் வேண்டும். பக்கத்து ஊர்களில் இருந்ததோ அஃப்ரிடெவ் பம்பு. கிராமத்தாரே பிரித்து மாட்டும்படி வடிவமைத்தது. சந்தைக் கடையிலும் அதற்குத்தான் உதிரிப் பாகம் கிடைத்தது. கிராமக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் கூட்டமே கூட்டவில்லை. திறப்பு விழாவுக்கு மட்டும் அழைத்தேன்.

நான்கு மாதம் யாரும் என்னிடம் வரவில்லை. உபதேசியாரிடம் கேட்டபோதுதான் அந்தப் பம்புக்கு ஊரில் ‘பம்பு யா பாத்ரி’ என்று பெயர் என்று தெரிந்தது. பாதிரியின் பம்பு. பாதிரியின் பொருளைப் பாதிரிதானே பழுது பார்க்க வேண்டும்? பெண்கள் மறுபடி ஆற்றுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். (பாதிரியும் பாத்ரியும் ஒரே சொல்தான், மேசைக்கு இங்கே ‘மேசா’, கைக்குட்டையைச் சொல்லும் லேஞ்சிக்கு ‘லேசோ’. போர்த்துக்கீசியர் இரண்டு கரைகளிலும் விட்டுப்போனவை.)

பிறகு கிராமத்தார் தாங்களே தண்ணீர்க் குழு அமைத்தார்கள். இருபது லிட்டர் வாளிக்கு 50 ஷில்லிங் வசூலித்து, என் பம்பைக் கழற்றிவிட்டு அஃப்ரிடெவ் மாட்டினார்கள். அது இன்றும் ஓடுகிறது. பொருளாளரான அம்மா கணக்கு நோட்டை என்னிடம் காட்ட மாட்டார். காட்ட வேண்டியதும் இல்லை. மார்க் 2 பம்பின் கைப்பிடி மட்டும் பங்கு இல்லத் திண்ணையில் கிடக்கிறது. புதியவர்கள் என்னவென்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது

ஆறு மாதம், அதற்கு மேல் கூடாது.

நன்கொடையாளர்களுக்குப் படம் அனுப்புவது

கிழிந்த சட்டைக் குழந்தையை எடுக்காதீர்கள். அதன் தாய் கைப்பேசியில் அதைப் பார்க்கிறாள்.

தனிச் சமையல்

உகாலி நம் களிதான். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஊறுகாய்

ஒரு பாட்டில் போதும், அதையும் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெட்டியில் வைப்பதானால் அங்கிக்கு நடுவே வேண்டாம். என் வெள்ளை அங்கியில் மாவடுக் கறை இன்னும் இருக்கிறது.