முதல் பணித்தளப் பயணமா? ராஜ்மகால் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

தீபாவளி முடிந்ததும் எங்கள் ஜெபக்குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "அண்ணே, இந்த வருஷம் நாங்களும் பணித்தளத்துக்கு வரலாமா?" தாராளமாக வரலாம். மிஷனெரிகள் தங்கி ஊழியம் செய்யும் அந்த இடத்துக்குப் போக, பத்து நாள் லீவு, மலை ஏறத் தெம்பு, வாயை அடக்கத் தெரிவது, இந்த மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம்.

இங்கே நான் எழுதுவது ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் இருக்கும் ராஜ்மகால் மலைகளைப் பற்றி. அங்குள்ள மால்தோ மக்களை அரசுப் பதிவுகள் சௌரியா பஹாரியா என்கின்றன. தமிழ்நாட்டு மிஷனெரிகள் பல வருஷமாக அங்கே ஊழியம் செய்கிறார்கள். சபை பெருகிவிட்டது, உட்கார்ந்து வேதபாடம் சொல்லித்தரத்தான் ஆள் போதவில்லை.

படி 1: அழைத்தால் மட்டும் போங்கள்

தேதியை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பணித்தள மிஷனெரிக்குப் போன் போட்டு, "ஐயா, எப்போ வந்தா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது? எதைப் பத்திச் சொல்லித்தரணும்?" என்று கேளுங்கள். அவர் ஒரு தலைப்புத்தான் சொல்வார். நீங்கள் தயார் பண்ணி வைத்திருக்கும் பத்துத் தலைப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த ஒன்றோடு போங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். இரவுக் குளிர் நம் ஊர் மார்கழி மாதிரி இருக்காது, ஸ்வெட்டர் கட்டாயம். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரம் மிஷனெரி குடும்பத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

படி 2: டிக்கெட்

சென்னையிலிருந்து ஹவுரா சுமார் 1,660 கிலோமீட்டர், ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் ஆகும். அங்கிருந்து போல்பூர், ராம்பூர்ஹாட், பாகூர், பர்ஹர்வா வழியாகப் போகும் ரயிலில் சாகிப்கஞ்ச். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்கில் இருக்காதீர்கள். ஹவுராவில் அடுத்த ரயிலுக்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரு வருஷம் நாங்கள் இரண்டு மணி நேரம் போதும் என்று நினைத்தோம். எட்டுப் பேரும் பிளாட்பாரத்திலேயே படுத்து விடியவைத்தோம்.

படி 3: கொசுவலை

மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும் உள்ள மாவட்டம் அது. காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ. கொசுவைவிடச் சின்னது, உயரப் பறக்காது, தரையில் படுப்பவரைத்தான் முதலில் தேடிவரும். சாதாரண வலையின் கண்ணில் நுழைந்துவிடும் என்பதால் நெருக்கமான கண்ணுள்ள வலையாக வாங்குங்கள். கயிற்றுக் கட்டில் கொடுத்தால், "பரவாயில்ல, கீழேயே படுத்துக்கிறேன்" என்று தாழ்மை காட்ட வேண்டாம், கட்டிலிலேயே படுங்கள். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் என்றால் எங்கே போய்வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

படி 4: சட்டம்

ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. பொருளைக் காட்டி ஆசைகாட்டுவதும் அதில் குற்றம். நாம் போவது ஏற்கெனவே விசுவாசத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர. வழியில் துண்டுப்பிரதி கொடுப்பது, சந்தையில் நின்று பிரசங்கம் பண்ணுவது, போர்வை மூட்டையைப் பிரித்து வீடுவீடாகக் கொடுப்பது எதுவும் வேண்டாம். காணிக்கையோ உடையோ கொண்டுபோனால் மிஷனெரியிடமோ சபை மூப்பரிடமோ ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நாம் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடுவோம், பக்கத்து வீட்டின் வருத்தத்தைச் சுமப்பது அவர்கள். விசுவாசிகளின் முகம் தெரியும் படங்களை ஃபேஸ்புக்கில் போடுவதும் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது கூட வருகிறேன் என்றால் இதைச் சொல்லுங்கள்: சுற்றுலா விசாவில் ஊழியம் செய்ய அனுமதி இல்லை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

படி 5: பாடம் நடத்துவது

பேச்சு இரண்டு முறை மொழி மாறும். நீங்கள் தமிழில் சொல்ல, மிஷனெரி ஹிந்தியில் சொல்ல, உள்ளூர் ஊழியர் மால்தோவில் சொல்வார். முக்கால் மணி நேரத்தில் உங்களுக்கு மிஞ்சுவது கால் மணி நேரம். எதுகை மோனை, சிலேடை, "மூன்று 'அ'கரங்கள்" எல்லாம் வழியிலேயே செத்துப்போகும்.

ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் தெரியாமல் இருந்தது. மால்தோ நம் மொழிக் குடும்பம்தான். நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருப்பதுபோல அவர்களுக்கும் 'நாம்', 'ஏம்' என்று இரண்டு உண்டு. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்ந்தது, 'ஏம்' என்றால் கேட்பவரை விட்டுவிட்டு. நடுவில் இருக்கும் ஹிந்தியில் 'ஹம்' என்ற ஒன்றுதான். "நாம் தேவனுடைய பிள்ளைகள்" என்று நான் உருகிச் சொன்னது, மூன்றாவது வாயில் "நாங்கள் தேவனுடைய பிள்ளைகள், நீங்கள் இல்லை" என்று போய் விழுந்திருக்கிறது! பின்வரிசைப் பாட்டி ஒருவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் உள்ளூர் ஊழியர் சுதாரித்துத் திருத்தினார். அதனால் முந்தின நாள் ராத்திரியே அவரோடு உட்கார்ந்து முக்கிய வரிகளை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'நாம்' வரும் இடத்தில் கையால் எல்லாரையும் சேர்த்துக் காட்டுங்கள்.

குறிப்பு எழுதவைக்காதீர்கள், வாசிக்கத் தெரியாதவர்கள் பலர். கதையாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அவர்களில் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், தப்பு இருந்தால் மற்றவர்களே திருத்துவார்கள். இந்தப் படியை மட்டும் தாண்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையைச் சொன்னேன். விதைத்தபோது சில விதை வழியருகே விழுந்தது என்றேன். ஒரு அக்கா கேட்டார்: "வழியில ஏன் போட்டான்?" மலைச் சரிவில் அவர்கள் செய்யும் குர்வா விவசாயத்தில் விதையைத் தூவுவதில்லை. குச்சியால் குழி போட்டு, சோளமோ காராமணியோ எண்ணி எண்ணி இடுவார்கள். பாதையில் விதை விழ வழியே இல்லை. அடிவாரத்தில் இருக்கும் சந்தால் பழங்குடியினரின் வயலில் நெல் வீசி விதைப்பதை உள்ளூர் ஊழியர் நடித்துக் காட்டியபிறகுதான் கூட்டம் தலையாட்டியது.

படி 6: உள்ளூர் ஊழியரைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்

ஜெபம் கேட்டு வருபவரை உள்ளூர் ஊழியரிடமே அனுப்புங்கள். நாளைக்கும் அங்கே இருக்கப்போவது அவர்தான்.

படி 7: வந்தபின்

ஒரு மாதம் கழித்துப் போன் போட்டு, "அந்தக் கதையை யாராவது சொல்றாங்களா?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். அந்த அக்கா பக்கத்து ஊர் ஜெபக்கூட்டத்தில் விதைக்கிறவன் கதை சொன்னாராம். விதைத்தவன் கூடையில் ஓட்டை இருந்ததாம், அதனால்தான் வழியில் விழுந்ததாம். மிஷனெரி சிரித்துக்கொண்டே, "அடுத்த டிசம்பர்ல நீங்களே வந்து அந்த ஓட்டையை அடைச்சிருங்க" என்றார். டிக்கெட் போட்டாயிற்று.