பனிப்புயல் போன பிறகு வீட்டில் எதை முதலில் தொடுவது

மூன்று நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பிக் கதவைத் திறந்தபோது, மாடியில் யாரோ குளிக்கிற சத்தம் கேட்டது. பூட்டிய வீட்டில் யார் குளிப்பது? இடையில் ஒரு பனிப்புயல் வந்து, மின்சாரம் போய், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் நின்று, குழாய் உறைந்து வெடித்திருந்தது. கூடத்தின் உட்கூரை நடுவில் தொப்பை விழுந்து தொங்கியது. நான் வாளி தேடி ஓடினேன். அது முதல் தப்பு.

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். அதற்கு மெயின் வால்வு எங்கே என்று தெரிய வேண்டும். எனக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. கீழ்த்தளத்தில், எப்போதோ வீடு மாறும்போது அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் அது இருந்தது. கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் மேலே கொட்டிக்கொண்டேதான் இருந்தது. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு வால்வைப் பாருங்கள். கைப்பிடி நீளமாக இருந்தால், குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் மூடிவிடும். வட்டமாக இருந்தால் கடிகாரம் சுற்றும் பக்கம் திருகவும். ஒருமுறை மூடித் திறந்தும் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். எங்கள் வால்வில் இப்போது ஒரு சிவப்பு ரிப்பன் தொங்குகிறது.

அடுத்தது மின்சாரம். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்ச் போர்டைத் தொடவே கூடாது. போர்டு இருக்கும் இடமே நனைந்திருந்தால் அந்தப் பக்கம் போகாமல் மின்வாரியத்தை அழையுங்கள். வெளியே மின்கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அது செத்த கம்பி மாதிரிதான் தெரியும், நம்ப வேண்டாம்.

சரி, அந்தத் தொப்பைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கூரைப் பலகைக்குமேல் முப்பது நாற்பது லிட்டர் தேங்கினால், பலகை மொத்தமாகத் தலையில் விழும். மின்சாரத்தை நிறுத்தியான பிறகு, துடைப்பக் கம்பின் நுனியில் ஸ்க்ரூடிரைவரைக் கட்டி, நேர் கீழே நிற்காமல் ஓரமாக நின்று, தொப்பையின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். நூல் மாதிரி தண்ணீர் இறங்கியது. வாளிக்கு வேலை வந்தது அப்போதுதான். மூன்று வாளி நிறைந்தது. நல்ல கூரையில் நானே ஓட்டை போடுவதா என்று கை நடுங்கியது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே நல்ல கூரை இல்லை.

ஹீட்டரை மறுபடி போடுவதற்கு முன் வெளியே போய், அதன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜெனரேட்டரும் அப்படித்தான். வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். கராஜின் கதவு திறந்துதானே இருக்கிறது என்ற சமாதானம் உதவாது. தலைவலி, கிறுகிறுப்பு என்றால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

இனிமேல்தான் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். அதற்கு முன் படம் எடுங்கள். அறை முழுவதும் தெரிய ஒன்று, சேதம் கிட்டத்தில் தெரிய ஒன்று, ஈரக்கோடு எவ்வளவு உயரம் ஏறியது என்று அளவுகோல் வைத்து ஒன்று. குழாய் பழுதுபார்க்க வந்தவர் வெட்டி எடுத்த துண்டைக் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். செம்புக்குழாய், மீன் வாயைத் திறந்த மாதிரி விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. இன்சூரன்ஸ்காரர் வந்து முதலில் கேட்டது அதைத்தான். சேதம் பெருகாமல் இருக்க நீங்கள் செய்யும் தற்காலிக வேலைகளுக்கு, தார்ப்பாய் போடுவது முதல் மின்விசிறி வாடகை வரை, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிரந்தர வேலையை மட்டும் அவர்கள் பார்க்கும்வரை தொட வேண்டாம். புயலுக்கு மறுநாளே கதவைத் தட்டி, முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கும் கூரை வேலைக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காய வைப்பதில்தான் நான் நிறையப் பட்டேன். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஈரம் போகாவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். கம்பளத்தின் மேற்பக்கம் காய்ந்ததைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நான்காம் நாள் நாற்றம் வந்தது. அடியில் இருக்கும் பஞ்சு மெத்தை பிழிகிற ஈரத்தோடு அப்படியே இருந்தது. அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கி எறியுங்கள். சுவரின் ஜிப்சம் பலகை விளக்குத் திரி போலத் தண்ணீரை மேலே இழுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஈரக்கோட்டுக்கு 30 செ.மீ. மேல்வரை வெட்டி எடுப்பதுதான் நல்லது. உள்ளே இருக்கும் நனைந்த இன்சுலேஷன் பஞ்சும் போக வேண்டியதுதான். அப்புறம் மின்விசிறி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரண்டும் இரவு பகலாக ஓடட்டும். இயந்திரம் கிடைக்காவிட்டால் ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து மூடி ஹீட்டரைப் போடுங்கள். குளிர்காற்றில் ஈரம் குறைவு. அது உள்ளே வந்து சூடானதும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

குழாய் உறைந்து, இன்னும் வெடிக்கவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய் முனைக்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறித்தான் குழாய் பிளக்கிறது. அதனால் முதலில் அந்த முனையைத் திறந்துவிடுங்கள். பிறகு முனையிலிருந்து தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். நெருப்பு மட்டும் வேண்டாம். குழாய் இளகும் முன் வீடு எரிந்துவிடும்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம். வெளிச்சுவரை ஒட்டி உட்கூரை ஓரத்தில் கறை வந்தால், கூரை விளிம்பில் பனிக்கட்டி அணை கட்டியிருக்கும். வீட்டுச் சூடு மேலே கசிந்து பனியை உருக்க, அது குளிர்ந்த விளிம்பில் வந்து மறுபடி உறைய, பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கு அடியில் புகுகிறது. கோடாலியால் கொத்தினால் ஓடுதான் உடையும். மெல்லிய காலுறையில் கால்சியம் குளோரைடு என்ற பனி உருக்கும் உப்பை நிரப்பி, அணைக்குக் குறுக்கே கிடத்தினால் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் கிடைக்கும். அதற்காகக் கூரையில் ஏறாதீர்கள். எட்டவில்லை என்றால் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். பனியைத் தரையில் நின்றபடி நீளக் கம்பு வாரியால் இழுத்துவிடலாம். உள்கதவுகள் திடீரென்று இறுகினால், சுவரில் புது விரிசல் ஓடினால், கூரைக்குப் பாரம் தாங்கவில்லை. உடனே வெளியேறுங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு, மிச்சமிருக்கும் ஒவ்வொரு கறையையும் சுற்றி பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கறை கோட்டைத் தாண்டினால் கசிவு இன்னும் நிற்கவில்லை. எங்கள் மாடிப்படி ஓரத்தில் மூன்று வளையங்கள் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்றாக. மூன்றாவதை இதுவரை தாண்டவில்லை.